நகை கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன?

காலையில் டீக்கடையில் பேப்பரை விரிக்கிறோம். மூதாட்டியைக் கொன்று நகையைப் பறித்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் ஐகோர்ட்டில் விடுதலை என்று ஒரு செய்தி. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நகையே அவன்கிட்டதானே எடுத்தாங்க, அப்புறம் எப்படிப்பா விட்டாங்க?" என்கிறார். நியாயமான கேள்வி. "காசு குடுத்திருப்பான்" என்று இன்னொருவர் அதற்கு ஒரு பதிலும் வைத்திருப்பார். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். நகை கழுத்திலிருந்து அடகுக் கடை வரை போன வழியில்தான் அது கிடக்கிறது.

பகையோ கோபமோ இல்லாமல் பணத்துக்காகவும் நகைக்காகவும் செய்யும் கொலையைப் போலீசும் பத்திரிகைகளும் 'ஆதாயக் கொலை' என்பார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரு பிரிவு கிடையாது. கொலை ஒரு குற்றம், கொள்ளை இன்னொரு குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 302, கொள்ளைக்கு 392. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றமென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103, கொள்ளைக்கு 309. எண்கள் மாறினாலும் இரண்டும் தனித்தனிக் குற்றங்கள் என்பது மாறவில்லை. ஒன்றை நிரூபித்தால் மற்றது தானாக நிரூபணமாகிவிடாது. மேல்முறையீட்டில் வக்கீல்கள் மல்லுக்கட்டுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். மகன் சுரங்கத்தில் வேலை, அன்று நைட் ஷிஃப்ட். அறுபத்தெட்டு வயது அம்மா வீட்டில் தனியாக. காலையில் மகன் வந்து பார்த்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது. அம்மா கழுத்து நெரிபட்டு இறந்து கிடக்கிறார். எட்டுப் பவுன் சங்கிலியும் இரண்டு வளையலும் இல்லை. ஆறு நாள் கழித்து, இரண்டு மாதத்துக்கு முன் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த ஒருவரை ஆர்ச் கேட் பக்கத்தில் வைத்துப் போலீஸ் பிடிக்கிறது. அவர் சொன்ன தகவலின் பேரில் சங்கிலி பண்ருட்டி அடகுக் கடையிலிருந்தும், வளையல்கள் ஒரு முந்திரித் தோப்பில் மண்ணுக்கடியிலிருந்தும் கைப்பற்றப்படுகின்றன. கொலையை நேரில் பார்த்தவர் ஒருவருமில்லை. இரவு ஒன்பது மணிக்கு அவரை அந்தத் தெருவில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சொல்கிறார்.

வழக்கு நெய்வேலி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொடங்கும். ஆனால் கொலை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் என்பதால் கட்டு கடலூர் பக்கம் போய்விடும். அங்கே கொலைக்கு ஆயுள், கொள்ளைக்குப் பத்தாண்டு, இரண்டையும் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. குற்றவாளியைக் கேப்பர் மலை மத்தியச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

அன்றே தீர்ப்பு நகல் ஒன்றை அவருக்குக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம். அப்பீலுக்கு 60 நாள் கெடு. நகல் பெற ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். தாமதமானால் காரணம் சொல்லி மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீலை அனுப்பலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. தீர்ப்பு நகலும் இலவச வக்கீலும் இல்லாமல் அப்பீல் உரிமைக்கு அர்த்தமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே, 1978-ல், ஹொஸ்காட் வழக்கில் சொல்லியிருந்தது. "அப்பீலுக்கு லட்சக்கணக்கில் ஆகும்" என்று பயந்து பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. அதனால்தான் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

கடலூர் மாவட்ட அப்பீல் போவது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, மதுரைக் கிளைக்கு அல்ல. ஆயுள் தண்டனை அப்பீலை இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்கும். தீர்ப்பு வரும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடச் சொல்லி மனுப் போடலாம். கொலை வழக்கில் அரசுத் தரப்பு எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே அதில் உத்தரவு வரும். பெரும்பாலானோர் உள்ளே இருந்தபடிதான் காத்திருக்கிறார்கள்.

சினிமாவில் வருவது போல அங்கே யாரும் கூண்டில் ஏறிக் கதறுவதில்லை. சாட்சிகள் மறுபடி வர மாட்டார்கள். நீதிபதிகளின் மேஜையில் தட்டச்சு செய்த ஒரு கட்டு இருக்கும். வக்கீல்கள் அதை 'டைப்டு செட்' என்பார்கள். எல்லாச் சாட்சியமும் அதற்குள் எண் போட்டு அடங்கியிருக்கும். மகன் அரசுத் தரப்பு சாட்சி 1. அவர் கொடுத்த புகார் ஆவணம் 1. சங்கிலி சான்றுப் பொருள் 1. கோர்ட் பாஷையில் எம்.ஓ.1. இறந்தவரின் முகத்தைக்கூட அந்த நீதிபதிகள் போட்டோவில்தான் பார்ப்பார்கள். சாட்சியை நேரில் பார்த்தவர் செஷன்ஸ் நீதிபதி. சாட்சி தடுமாறினாரா, துணிந்து பேசினாரா என்று கவனித்தவர் அவர். அந்த மதிப்பை உயர் நீதிமன்றம் லேசில் தள்ளிவிடாது. ஆனால் நேரில் பார்த்த சாட்சியே இல்லாத வழக்கில் பேசுவது காகிதம்தான். காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க உயர் நீதிமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அப்பீல் செய்தவரின் வக்கீல் வரவில்லை என்பதற்காக, கட்டைப் படிக்காமல் தள்ளுபடி செய்யவும் முடியாது.

முதலில் பார்ப்பது நேரத்தை. எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது? மாஜிஸ்திரேட் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். காலை ஏழு மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர்., அதே ஊரிலிருக்கும் கோர்ட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போயிருந்தால், நடுவில் அந்தத் தாளில் என்னென்ன ஏறியது என்று கேட்பார்கள். தாமதம் ஒன்றே வழக்கைச் சாய்க்காது. ஆனால் மற்ற இடங்களும் ஆட்டம் காணும்போது இந்தப் பதிமூன்று மணி நேரம் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஏன் என்று நெய்வேலிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1993 மார்ச்சில், பக்கத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத் தொழிலாளியை நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. மனைவி பார்வதிக்காக வக்கீல் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு வழக்கு நடத்தினார். காவலில் அடித்ததில் அவர் இறந்தது வெளியே வந்தது. 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படம் இந்தக் கதைதான். படத்தில் சமூகத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள். அந்த நிலையத்தில் அன்று எழுதி வாங்கும் ஒப்புதலை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளும் சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

ஆனால் இந்தக் கதவில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. சாட்சியச் சட்டத்தின் பழைய 27-வது பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவுக்குள் அது ஒரு விதிவிலக்காக உட்கார்ந்திருக்கிறது. கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள சொற்கள் மட்டும் செல்லும். சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கில், 1946-ல், இதற்கு ஒரு கோடு கிழித்தார்கள். இன்றுவரை எல்லாக் கோர்ட்டும் அந்தக் கோட்டில்தான் நடக்கின்றன. நம் கற்பனை வழக்கில் கைதானவர், "கிழவியைக் கொன்று எடுத்த வளையலைத் தோப்பில் மூன்றாவது மரத்தடியில் புதைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறது. "மூன்றாவது மரத்தடியில் புதைத்திருக்கிறேன், காட்டுகிறேன்" என்பது மட்டும் உள்ளே வரும். "கிழவியைக் கொன்று எடுத்த" என்பது வெளியே. அந்த இடத்தில் வளையல் இருப்பது அவருக்குத் தெரியும் என்பது வரைக்கும்தான் நிரூபணம். அது எப்படித் தெரியும் என்பதை வேறு ஆதாரம் கொண்டு காட்ட வேண்டும்.

பொருளைக் கைப்பற்றியதை எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தானாகவே வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகவும் கதை வரும். முன்பின் பார்த்திராத ஒரு அரசு ஊழியரிடம் ஒரு கொலைகாரர் ஏன் மனம் திறந்தார் என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கும்போது, எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் படுகிறது. சில வி.ஏ.ஓ.க்கள் உறுதியான சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதன் பேரில் தண்டனையும் நின்றிருக்கிறது. ஆனால் வழக்குக்கு வழக்கு அதே மாதிரி வாக்குமூலம், அதே வாசகம் என்று வந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா?

இனி சங்கிலி. இதுதான் இந்த மாதிரி வழக்குகளின் உயிர்நாடி. அது அம்மாவுடைய சங்கிலிதான் என்று எப்படித் தெரியும்? புகாரில் "எட்டுப் பவுன் தங்கச் சங்கிலி" என்று மட்டும் இருந்தால் அது ஊரில் ஆயிரம் கழுத்தில் இருக்கும் சங்கிலி. "கொக்கி பக்கம் ஒரு கண்ணி அறுந்து பற்ற வைத்தது, கோத்த தாலியில் இரண்டு குண்டு, ஒரு காசு" என்று முதல் நாளே எழுதியிருந்தால் கதை வேறு. மகள் கோர்ட்டில் வந்து பார்த்த மாத்திரத்தில் "அம்மாவோடது" என்று சொல்லி அழுதால் கேட்பவர் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்த அடையாளங்களை அவர் முதலில் சொன்னது நகையைப் பார்த்ததற்கு முன்பா பின்பா என்பதையே நீதிபதிகள் தேடுவார்கள். அடகுக் கடைக்காரரின் பதிவேட்டில் தேதி, எடை, பெயர், கையெழுத்து இருக்கின்றனவா? அடகுச் சீட்டு யார் பையில் கிடைத்தது? சங்கிலியை உருக்கிக் கட்டியாக்கி விற்றிருந்தால் பாதி வழக்கு அந்த உலையிலேயே கரைந்துவிடும். தங்கக் கட்டிக்கு அடையாளம் கிடையாது.

சங்கிலி அம்மாவுடையதுதான், கைதானவரிடமிருந்துதான் கைப்பற்றினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சட்டம் ஒரு அனுமானத்துக்கு இடம் கொடுக்கிறது. திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பொருளை வைத்திருப்பவர், அது எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால், அவர் திருடியவராகவோ திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்கியவராகவோ கொள்ளலாம். விசாரணை முடிவில் நீதிபதி ஒவ்வொரு ஆதாரத்தையும் சொல்லிக் கேட்கும்போது "பொய் சாட்சி, பொய் வழக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். இந்த இடத்தில் அந்த மௌனம் எதிராகத் திரும்பும்.

ஆனால் அனுமானம் சொல்லும் இரண்டையும் பாருங்கள். திருடியவர், அல்லது வாங்கியவர். கொன்றவர் என்ற சொல் அதில் இல்லை. திருடியவர் என்பதிலிருந்து கொன்றவர் என்பதற்குத் தாண்ட வேண்டும். சில வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தாண்டியிருக்கிறது, சிலவற்றில் மறுத்திருக்கிறது.

1950-களின் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், கோயிலில் இருந்த மகந்தும் அவருடைய ஆளும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பொருள்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் கிடைத்தன. வேறு ஆதாரம் இல்லை. பொருள் கிடைத்தது என்பதை மட்டும் வைத்துக் கொலைக்குத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1983-ல் கர்நாடக வழக்கு ஒன்றில் முடிவு நேர்மாறு. பொய்ப் பெயர் சொல்லி வீட்டு வேலைக்குச் சேர்ந்தவர், வீட்டுப் பெண் கொல்லப்பட்ட இரவே காணாமல் போனார். ஓராண்டு கழித்துப் பிடிபட்டார். அவர் காட்டிய இடங்களில் நகைகளும் பட்டுப் புடவைகளும் கிடைத்தன. ஓராண்டு என்பது 'சிறிது காலமா' என்று கேட்டார்கள். தலைமறைவாக இருந்தவர் அந்தக் காலத்தைத் தனக்குச் சாதகமாக எண்ண முடியாது என்றது கோர்ட். தண்டனை நின்றது, தூக்கு மட்டும் ஆயுளாகக் குறைந்தது. பொய்ப் பெயர், ஓட்டம், நகை என்று மூன்றும் ஒரே ஆளைச் சுட்டின. முதல் வழக்கில் பொருள்கள் மட்டும்தான்.

1984-ல் சரத் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழ்நிலைச் சாட்சியத்தை நம்பும் வழக்குகளுக்கு ஐந்து நிபந்தனைகள் விதித்ததைச் சட்டக் கல்லூரியில் ஒப்பிக்கச் சொல்வார்கள். சாரம் இவ்வளவுதான்: கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிரூபணமாக வேண்டும், கோத்துப் பார்த்தால் இவர் செய்தார் என்பதைத் தவிர வேறு நியாயமான கதைக்கு இடமிருக்கக் கூடாது. 'செய்திருக்கலாம்' என்பது 'செய்தே இருக்க வேண்டும்' ஆகாது.

நம் சுண்ணாம்புக்காரர் வழக்கில் வேறு கதைக்கு இடமுண்டா? இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் பார்த்தவர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், தெருவிளக்கு எரிந்ததா, அவரைப் போலீஸ் விசாரித்தது மறுநாளா, கைதுக்குப் பிறகா? வீட்டில் விரல் ரேகை எடுத்தார்களா? எடுத்தும் பொருந்தவில்லையென்றால் அதைக் கோர்ட்டில் சொன்னார்களா? இவையெல்லாம் சாதகமாக நின்றால் ஆயுள் உறுதியாகும். பார்த்தவர் சாட்சியம் உடைந்து நகை மட்டும் மிஞ்சினால், கொலையிலிருந்து விடுவித்து, திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கலாம். அதற்குள் உள்ளே இருந்த வருடங்களே அந்தத் தண்டனையைத் தாண்டியிருக்கும், அன்றே வெளியே வருவார். பேப்பரில் 'விடுதலை' என்று வருவதில் இந்த வகையும் உண்டு. நகை மீட்பே பொய்யென்று தெரிந்தால் முழு விடுதலை.

கூட இன்னொருவர் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு, உள்ளே போனவர் கழுத்தை நெரிப்பார் என்று தெரியுமா? கொள்ளைக்கு உடன்பட்டவர் கொலைக்கும் உடன்பட்டவர் என்று தனியே காட்ட வேண்டும். ஆனால் ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் அது கூட்டுக்கொள்ளை. அதில் ஒருவர் கொலை செய்தாலும் சட்டம் ஐவரையும் பிடிக்கும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இவ்வளவு தூரம்.

அப்பீல் எதற்கு என்பவர்களுக்கு நாசிக் வழக்கைச் சொல்லலாம். 2003 ஜூனில் அங்கே ஒரு தோட்டத்துக் குடிசையில் இரவில் புகுந்து, ஐந்து பேரைக் கொன்று, பணமும் நகையும் எடுத்துப் போனார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். 2006-ல் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாக்கியது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மறுபடி தூக்கு என்றது. மூன்று கோர்ட்டும் ஒரே பக்கம். சீராய்வு மனுவில் வழக்கை மறுபடி திறந்து கேட்டபோதுதான் ஒரு காகிதம் பெரிதாகத் தெரிந்தது: உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்த இரண்டொரு நாளில், போலீஸ் காட்டிய ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. 2019 மார்ச் 5 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆறு பேரையும் விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். அதற்குள் பதினாறு வருடம் போயிருந்தது. அவர்களில் ஒருவர் குற்றம் நடந்தபோது சிறுவன்.

தமிழர்களுக்குத் தெரிந்த பழைய உதாரணமும் இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல் தண்டனை பெற்றார்கள். சென்னையில் அப்பீல் தோற்றது. பிரிவி கவுன்சில் வரை போய், திரும்பி வந்து, 1947-ல் விடுதலையானார்கள். பாகவதரின் பழைய சினிமா வாழ்வு திரும்பி வரவில்லை.

இறந்தவரின் குடும்பம் இதில் எங்கே? முன்பெல்லாம் விடுதலையை எதிர்த்து அப்பீல் போவது அரசின் கையில்தான் இருந்தது. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவர் தரப்பும் தானே போகலாம். நெய்வேலி மகன், செஷன்ஸ் கோர்ட் விடுவித்திருந்தால், அரசு அப்பீல் போகுமா என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றம் விடுவித்தால் மிச்சம் இருப்பது உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. அங்கே கதவு குறுகல்.

அந்தச் சங்கிலி இவ்வளவு நாளும் எங்கே இருந்தது? கோர்ட்டின் காவலில். அம்மாவின் தாலி எம்.ஓ.1 என்று ஒரு சீட்டுக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நகைகளை வருடக்கணக்கில் முடக்கி வைக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. மகன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டால், நகையை எடை போட்டு, படமெடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கையில் கொடுப்பார்கள். அந்தப் படம் கட்டோடு சென்னை போகும். அப்பீல் முடியும்வரை சங்கிலியை விற்கவோ உருக்கவோ அறுந்த கண்ணியை மாற்றவோ கூடாது. கோர்ட் கேட்டால் அப்படியே கொண்டுவந்து காட்ட வேண்டும்.